பழைய காரின் ரூஃப் லைனிங்: தொங்கினால், கறை பிடித்தால், நாறினால்

பங்குனி பிறந்ததும் எங்கள் பட்டறைக்கு ரூஃப் லைனிங் வேலை, அதாவது கூரையின் உள்பக்கத் துணியைச் சரிசெய்கிற வேலை, வரத் தொடங்கும். கரூர், ஈரோட்டுப் பக்கத்து வண்டிகள் வெயிலில் வெந்து, துணி தலையில் இடிக்கிற அளவுக்குத் தொங்கிக்கொண்டு வரும். ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, ஆனைமலை வண்டிகள் சாரலில் ஊறி, கறையும் பூஞ்சையுமாக வரும். இரண்டு தரப்பும் சொல்வது ஒன்றைத்தான்: "துணி போயிருச்சுங்ணா, ஒட்டிக் குடுங்க." உண்மையில் துணி போவது அபூர்வம். துணிக்குப் பின்னால் வேறு ஏதோ போயிருக்கும். அது எது என்று பிடித்துவிட்டால் பல வேலைகளை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளலாம். முடியாததற்கு யாரிடம் போவது என்றாவது தெரிந்துவிடும்.

## எதையும் கழற்றும் முன்

கூரையின் நடுவில் விரலால் மெல்ல அழுத்துங்கள். துணிக்குப் பின்னால் கெட்டியாக அட்டை தட்டுப்பட்டால் அது அட்டை வகை. இப்போது ஓடுகிற பழைய கார்களில் பெரும்பாலானவை இதுதான்: அச்சில் அழுத்திய அட்டை, அதன்மேல் மெல்லிய ஃபோம், ஃபோமோடு சேர்ந்த துணி. விரல் எதிலும் முட்டாமல் உள்ளே போனால் அது கம்பி வகை. அம்பாசடரிலும் பத்மினியிலும் இருப்பது இது. ரெக்ஸினின் மேல்பக்கம் குறுக்கே பை தைத்து, அதில் வளைந்த கம்பிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓரம் மட்டும் பசையிலும் பீடிங்கிலும் (ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் பட்டை) நிற்கும்.

அடுத்து, கதவுத் தூண்களின் மேல்பக்கம் ஏர்பேக் என்று எழுத்து பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் கூரை ஓரம் நெடுக ஒரு காற்றுப்பை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டியில் தூண் டிரிம்மை, அதாவது தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை, கழற்றுகிற வேலை எதுவும் வீட்டில் வேண்டாம். பையின் மேல் பசை பட்டாலும், டிரிம் தப்பாகப் பொருந்தினாலும், வேண்டிய நேரத்தில் அது விரியாமல் போகலாம். வேண்டாத நேரத்தில் விரிந்தால் தலைக்கு ஆபத்து. நேராக அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கீழே சொல்வதெல்லாம் கூரையில் ஏர்பேக் இல்லாத வண்டிகளுக்கு.

## அறிகுறி: நடுவில் துணி தொங்குகிறது

தொங்குகிற இடத்தை உள்ளங்கையால் மேலே தள்ளி, அட்டையோடு சேர்த்து ஒரு தேய்ப்பு தேயுங்கள். பிறகு சீட்டைப் பாருங்கள்.

### தூள் எதுவும் கொட்டவில்லை

ஃபோம் நன்றாக இருக்கிறது, பசை மட்டும் விட்டிருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை லைனிங் மாற்றிய வண்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். தொங்கல் ஓரத்தை ஒட்டி இருந்தால் பீடிங்கை இழுத்துவிட்டு, துணியைப் பின்பக்கமாகப் பிரித்து, அட்டையிலும் துணியிலும் பசை அடித்து ஒட்டிவிடலாம். நடுவில் மட்டும் என்றால் உள்ளே போக வழி கிடையாது. அட்டையை இறக்கத்தான் வேண்டும்.

### பழுப்பாகத் தூள் கொட்டுகிறது

ஃபோம் செத்துவிட்டது. வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டு மக்கிப் பொடியாகிவிட்டது. தலைமுடியிலும் சட்டைக் காலரிலும் இந்தத் தூள் கொஞ்ச நாளாகவே விழுந்துகொண்டிருக்கும். பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றியவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் குறுக்குவழி தோன்றும்.

"ஏனுங்ணா, ஊசியில பசை ஏத்தி ஒட்டிட்டா நிக்காதுங்களா?"

"நிக்குமுங்க, பொழுதோட வரைக்கும்."

பசை பிடிப்பதற்குப் பின்னால் ஒரு பரப்பு வேண்டும். அங்கே இருப்பது வெறும் பொடி. பொடியில் ஒட்டிய பசை பொடியோடு சேர்ந்தே விழும். போதாததற்குத் துணியின் முன்பக்கம் பசைக்கறை ஊறித் தெரியும். ஸ்டேப்ளர், டபுள் டேப்புக்கும் இதே கதிதான். அட்டையை இறக்கும் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால், குஷன் கடையில் கிடைக்கும் திருகு ஊசிகளைக் குத்தி வைக்கலாம். ஊசியின் நீளம் அட்டைக்குள் அடங்க வேண்டும். பின்கண்ணாடியை மறைக்கும் அளவுக்குத் துணி தொங்கினால் அன்றைக்கே ஏதாவது செய்துவிடுங்கள். ரியர் வியூ மிர்ரரில் துணி மட்டும் தெரியும் வண்டியோடு அவிநாசி ரோட்டில் போவது விபரீதம்.

### அட்டையை இறக்கித் துணி மாற்றுவது

சின்னக் கார் என்றால் இரண்டு பேர், ஒரு முழு நாள், மறுநாள் காலையில் கொஞ்சம். மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பசை வெளுத்துப் பூத்து, பிடிக்காமல் போகும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், ரூம் லைட், கோட்டு மாட்டும் கொக்கி, கதவு பீடிங்கின் மேல்பாதி, தூண் டிரிம்கள். கைப்பிடியின் ஸ்க்ரூ பெரும்பாலும் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் சில உடையத்தான் செய்யும். அதே அளவில் நாலைந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும்போது போனில் படம் எடுத்துக்கொண்டால் மாட்டும்போது சண்டை வராது.

அட்டையை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் ஆபத்தான நிமிடம். முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்துவிட்டு, பின்னால் கூரை வரை திறக்கும் டிக்கிக் கதவு உள்ள கார்களில் அந்த வழியாக எடுங்கள். டிக்கி தனியாக உள்ள கார்களில் முன் பக்கக் கதவு வழியாகக் கோணலாகத் திருப்பி எடுக்க வேண்டும். வயதான அட்டை அப்பளம் மாதிரி. எவ்வளவு வளையும் என்று பார்க்கப் போனால் படக்கென்று ஒடியும். ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டு, எங்காவது முட்டினால் இழுக்காமல் நின்று பாருங்கள்.

வெளியே வந்ததும் துணியை உரித்துவிட்டு, மீதி ஃபோமை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அட்டையின் மேல்தோல் பிய்ந்துவிடும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். இந்த வேலையை யாருமே பொறுமையாகச் செய்வதில்லை, ஆனால் லைனிங் நிற்பதும் விழுவதும் இங்கேதான் முடிவாகிறது. எப்போது போதும் என்று கேட்டால், கறுப்புத் துணியால் அட்டையைத் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஒட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். அட்டையில் விரிசல் இருந்தால் முதுகுப் பக்கம் ஃபைபர் துணி வைத்து ரெசின் தடவிக் காயவிடுங்கள்.

புதுத் துணி, ஃபோம் ஒட்டியே வருவதாக இருக்கட்டும். ரூஃப் லைனிங் என்று கேட்டால் சுமார் 3 மில்லிமீட்டர் ஃபோமோடு கிடைக்கும். அட்டையை அளக்கும்போது டேப்பைப் பள்ளம் மேடு எல்லாவற்றிலும் படியவிட்டு அளந்து, நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வாங்குங்கள்.

பசைதான் அடுத்த விஷயம். சீட் கவருக்கும் செருப்புக்கும் போடுகிற சாதாரண மஞ்சள் பசை சித்திரை வெயிலில் இளகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகரம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அந்தச் சூடு நேராக அட்டைக்குத்தான் இறங்குகிறது. டப்பாவில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பார்த்து, 80 டிகிரிக்குக் குறையாமல் தாங்குவதை வாங்குங்கள். உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குச் சரக்குப் போடுகிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். பசை அடிப்பது திறந்த சாளையிலோ மரத்தடியிலோ இருக்கட்டும். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி கூடாது.

துணியை அட்டை மேல் விரித்துச் சரிபார்த்துவிட்டு, பாதியை மடக்குங்கள். அட்டையின் அந்தப் பாதியிலும் ஃபோமிலும் மெல்லிசாகப் பசை அடியுங்கள். புறங்கையால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கையோடு வரக்கூடாது. அந்தப் பதம் வந்ததும் நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவிக்கொண்டே வாருங்கள். ரூம் லைட் குழி, வைசர் பள்ளம் மாதிரி இடங்களில் துணியை இழுத்து ஒட்டாமல் முதலில் பள்ளத்துக்குள் தளர்வாக இறக்கிவிட்டு, பிறகு மேட்டுக்கு வாருங்கள். இழுத்து ஒட்டினால் முதல் வெயிலிலேயே பள்ளத்தை விட்டு எழும்பி நிற்கும். அப்புறம் மறுபாதி. ஓரங்களைப் பின்னால் மடக்கி ஒட்டி, இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஓட்டைகளை வெட்டுங்கள். ஓட்டையை வட்டமாக வெட்டாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, முனைகளைப் பின்னால் மடக்குங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது? அட்டை இரண்டாக உடைந்துவிட்டால், அல்லது கூரையில் சன்ரூஃப் இருந்தால். அதன் வடிகால் குழாய்கள் லைனிங்குக்கு மேலேதான் ஓடுகின்றன. ஒன்று கழன்றாலும் அடுத்த மழையில் புதுத் துணி போய்விடும்.

## அறிகுறி: ஓரம் மட்டும் கழன்று வருகிறது

கதவுக்கு மேலே என்றால் பீடிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரப்பர் இறுகிப் போயிருந்தாலோ, உள்ளே இருக்கும் கிளிப் வரிசை அகன்றிருந்தாலோ துணியைப் பிடிக்காது. அகன்ற கிளிப்பை இடுக்கியால் இதமாக நெருக்கிவிட்டு, துணியின் ஓரத்தை உள்ளே செருகிப் பீடிங்கைக் கையால் தட்டி ஏற்றுங்கள். பசையே தேவைப்படாது.

பின்கண்ணாடிக்கு மேலே என்றால் வெயில்தான் காரணம். வண்டியை எந்நேரமும் கிழக்கு மேற்காக நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். தூள் கொட்டவில்லை என்றால் அந்த ஓரத்தை மட்டும் ஒட்டலாம். கொட்டினால் மேலே சொன்ன முழு வேலைதான், ஓரத்தில் ஆரம்பித்தது நடுவுக்கு வர அதிக நாள் ஆகாது.

## அறிகுறி: கறை, ஈரம், சொட்டு

துணி மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். கறை இருக்கும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் தகரத்தின் உள்பக்கம் ஓடி, வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் இறங்கும்.

கறை காய்ந்திருந்தாலும் விளிம்பில் பழுப்பு வளையம் இருந்தால் அது மழைத் தண்ணீர். கூரையில் ஏசி காற்றுத் துவாரம் உள்ள பெரிய வண்டியில், வெயில் நாளில், ஏசி போட்ட பிறகு மட்டும் நனைந்தால் அது மழை இல்லை, ஏசி குழாயின் உறை கிழிந்தோ வடிகால் அடைத்தோ வருகிற தண்ணீர். ஏசி மெக்கானிக்கிடம் போங்கள்.

மழைத் தண்ணீர் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

குப்பை. வேப்பமரம், புளியமரத்தடியில் நிற்கும் வண்டியில் கூரையோர வாய்க்காலில் இலையும் பூவும் அடைத்து, தண்ணீர் தேங்கி உள்ளே ஏறும். கையால் வாரிப் போட்டால் தீர்ந்தது. கறையோடு வரும் வண்டிகளில் இந்த அளவிலேயே முடிந்துபோகிறவை நிறைய.

கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, நோட்டை இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் மூடவில்லை. கதவைச் சுற்றி ஒரு ஜாண் தூரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஆன்டெனா, கேரியர். கூரையில் துளை போட்டு மாட்டிய எதுவும் சந்தேகத்துக்கு உரியது. ஜவுளி மூட்டை ஏற்றுகிற வண்டிகளில் கேரியர் ஆடி ஆடி, போல்ட்டைச் சுற்றியுள்ள வாஷர் தேய்ந்திருக்கும். ரப்பர் வாஷர் மாற்றுவது பெரிய செலவில்லை.

கூரையோர வாய்க்காலின் மூட்டு. இங்கே பூசிய சீலன்ட் வெயிலில் முடி போல வெடிக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நகத்தால் கீறினால் பெயரும். பெயர்ந்ததைச் சுரண்டிவிட்டு, துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்து, பாடி சீலன்ட் பூசுங்கள். பாத்ரூமுக்குப் போடுகிற, புளித்த வாடை வரும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், மேலே பெயின்டும் நிற்காது.

முன்கண்ணாடி. இதுதான் செலவு வைக்கும் இடம். ரப்பர் பீடிங்கில் நிற்கும் பழைய கண்ணாடி என்றால் ரப்பரை மாற்றலாம். பசையில் ஒட்டிய கண்ணாடி என்றால் வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டையும் கண்ணாடிக் கடைக்காரரிடம் விடுங்கள்.

எது என்று தெரியவில்லையா? லைனிங்கின் ஓரத்தை இறக்கிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் தோட்டத்து ஓஸைப் பீய்ச்சாமல் மெதுவாக ஓடவிட்டு, கீழிருந்து மேலாக வரட்டும்: முதலில் முன்கண்ணாடியின் அடி, அடுத்து பக்கங்கள், பிறகு கதவு, வாய்க்கால், கடைசியில்தான் கூரை. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாது. உடனே ஒழுகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அரைமணி நேரக் கொட்டு மழையில் சொட்டாத வண்டி, நாள் முழுக்கப் பெய்கிற வால்பாறைச் சாரலில் சொட்டும்.

தகரத்தில் துரு ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிடம் விட வேண்டும். வெல்டிங் வைக்கிறார் என்றால் அந்த இடத்தில் லைனிங்கை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். ஃபோம் தீக்குச்சி மாதிரி பற்றும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் சொல்லுங்கள்.

## அறிகுறி: ரூம் லைட்டைச் சுற்றி மஞ்சள் அல்லது கருகல்

வாட் கூடுதலான பல்பு. மூடியில் எழுதியிருக்கும் வாட்டுக்கு மேல் போடாதீர்கள், முடிந்தால் எல்இடி போடுங்கள். சரியான பல்பும் இருந்து, ஃபியூஸ் அடிக்கடி போனாலோ, லைட் அணைந்திருக்கும்போதும் சூடு தெரிந்தாலோ, வயர் எங்கோ தகரத்தில் உரசுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: நாற்றம்

முகர்ந்து பாருங்கள், கூச்சப்படாதீர்கள். ஈரச்சாக்கு வாடை என்றால் பூஞ்சை, ஒழுகல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். ஒழுகலை அடைக்காமல் வாசனை ஸ்ப்ரே அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும். காரமான மூத்திர வாடை என்றால் எலி. தோட்டத்துச் சாளையில், நெல் மூட்டைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் எலி கூரை அட்டைக்கு மேலே பஞ்சும் தேங்காய் நாரும் சேர்த்துக் கூடு கட்டும். இரவில் பரபரவென்று சத்தமும் கேட்டிருக்கும்.

எலி என்றால் அட்டையை இறக்கியே ஆக வேண்டும். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, காய்ந்த புழுக்கையைப் பெருக்காமல் கிருமிநாசினி தெளித்து நனைத்துத் துடைத்து எடுங்கள். அப்படியே ரூம் லைட் வயரைக் கடித்திருக்கிறதா என்று நீளம் முழுக்கப் பாருங்கள். செம்பு தெரிந்தால் எலக்ட்ரீஷியன். மூத்திரம் ஊறிய அட்டையைக் கழுவ முடியாது, கரைந்துவிடும். பழைய பார்ட்ஸ் கடையில் அதே மாடலின் அட்டையைத் தேடுங்கள்.

## அறிகுறி: கம்பி வகையில் சுருக்கம், தளர்ச்சி

அம்பாசடர்க்காரர்களுக்கு. வண்டியை நல்ல வெயிலில் கதவு சாத்தி ஒரு மதியம் நிறுத்துங்கள். சூட்டில் சுருக்கம் போய்விட்டால் ஓரத்தைச் சற்று இழுத்து மறுபடி ஒட்டினால் போதும். போகவில்லை என்றால் ஏதோ ஒரு கம்பி அதன் துளையை விட்டு நழுவியிருக்கும், துணி மேல் தடவினாலே எது என்று தெரியும். முழுதாக மாற்றுவதானால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கம்பிகள் ஒரே நீளமும் இல்லை, ஒரே வளைவும் இல்லை. முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதிய பிறகே உருவுங்கள். புது ரெக்ஸினை வண்டிக்கு அளவெடுத்துத் தைப்பது பழைய கையால்தான் சரிவரும். ஊரில் ஒரு வயதான குஷன் கடைக்காரர் இருப்பார், அவரைத் தேடிப்போங்கள்.

## அறிகுறி: புதிதாகப் போட்ட லைனிங் மறுபடி விழுகிறது

கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். புதுத் துணியின் முதுகில் பழுப்புத் தூள் இருந்தால், பழைய ஃபோமைத் தேய்க்காமலே மேலே ஒட்டியிருக்கிறார்கள். பசை நூல் நூலாக இழுபட்டால் சூடு தாங்காத பசை. துணிக்கு ஃபோமே இல்லை என்றால் அது திருப்பூர் பனியன் துணி. நம் பக்கத்தில் கட்பீஸ் மலிவாகக் கிடைப்பதால் நிறையப் பேர் இதைப் போடுகிறார்கள். பனியன் நல்ல துணிதான், உடம்புக்கு. கூரையில் போட்டால் பசை முன்பக்கம் ஊறித் திட்டுத் திட்டாகத் தெரியும், அட்டையின் ஒவ்வொரு கீறலும் தெரியும், பின்னல் இளகித் தொய்யும்.

மூன்றில் எதுவானாலும் முழுதாக உரித்து மறுபடி போடுவது தவிர வழியில்லை. இந்தத் தடவை கடையில் வண்டியை விடும்போது, "துணி ஒட்டறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணுங்க, அட்டையை ஒருக்கா பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். போய்ப் பார்க்கும்போது பையில் ஒரு கறுப்புத் துணி இருக்கட்டும்.